பதிவு 23, வருகை 21: ஒரு தொடக்கப் பள்ளியின் எண்களை வாசிப்பது எப்படி?

திருநெல்வேலிச் சீமையில் எந்த ஊர்த் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தாலும், வகுப்பறைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் சாக்பீஸால் எழுதிய இரண்டு எண்கள் கண்ணில் படும். பதிவு 23, வருகை 21 என்பது போல இருக்கும். தலைமையாசிரியர் அறைக்குப் போனால், இதே கணக்கு வகுப்பு வாரியாக, ஆண், பெண், மொத்தம் என்று கட்டம் போட்டு எழுதப்பட்டிருக்கும். கணினியில் ஏற்றப்படும் விவரங்கள் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் இவற்றை வைத்து ஊரில் சொல்லப்படும் தீர்ப்பு பெரும்பாலும் "அங்கே பிள்ளைகளே இல்லை" என்றோ "அங்கே படிப்பு சரியில்லை" என்றோ ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாக உறுப்பினரான தாய்மார்களுக்கும் இந்த எண்களைத் தாங்களே வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஒரு பள்ளியைப் பற்றிய விவரங்கள் இரண்டு வகைப்படும். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பதைச் சொல்வது ஒரு வகை. கல்வித் துறையில் இதை அடைவு என்பார்கள். அந்தப் பிள்ளைகள் யார், எத்தனை பேர், எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்பதைச் சொல்வது இன்னொரு வகை. இதை மாணவர் விவரம் என்று வைத்துக்கொள்வோம். இவ்விரண்டையும் பிரித்து வாசிக்கும்போதுதான் தவறு தொடங்குகிறது. அடைவை மட்டும் பார்த்தால், பள்ளியை அளந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உண்மையில் அந்த ஊரின் வசதியையோ வறுமையையோதான் அளந்திருப்போம். மாணவர் விவரத்தை மட்டும் பார்த்தால், "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்ற முடிவுக்குப் போய்விடுவோம். இந்த இரண்டாவது தவறு முதல் தவறைவிடக் கொடியது என்பது என் எண்ணம், ஏனெனில் அது பிள்ளையின் காதிலேயே விழும்.

தொடக்கப் பள்ளி என்பது 1 முதல் 5 வரை வகுப்புகள் உள்ள பள்ளி. 8 வரை இருந்தால் அது நடுநிலைப் பள்ளி. நம் பகுதியில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆகியவற்றோடு அரசு உதவி பெறும் பள்ளிகளும் நிறைய உண்டு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் காலத்திலிருந்தே கிராமந்தோறும் கோயிலும் பள்ளியுமாகப் பரவிய திருச்சபைப் பணி இதற்கு ஒரு முக்கியக் காரணம். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, நிர்வாகம் வேறொருவருடையது. ஆகவே ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளி இரண்டு தொடக்கப் பள்ளிகள் இருப்பது இங்கே சாதாரணம், அவற்றை ஒப்பிட்டுப் பேசுவதும் சாதாரணம்.

அப்படி ஒப்பிடுபவர்கள் முதலில் கேட்பது தேர்ச்சி விகிதத்தைத்தான். பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் செய்தித்தாளில் மாவட்ட வாரியாகத் தேர்ச்சி விகிதம் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் தொடக்கப் பள்ளியில் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. பின்னர் நடுவண் அரசு அந்தச் சட்டத்தைத் திருத்தி 5, 8 ஆம் வகுப்புகளில் நிறுத்திவைக்க இடம் கொடுத்தபோதும், தமிழ்நாடு அந்த வகுப்புகளுக்கான பொதுத்தேர்வு அறிவிப்பை 2020 பிப்ரவரியில் கைவிட்டு, எல்லோரையும் மேல் வகுப்புக்கு அனுப்பும் முறையையே தொடர்கிறது. சிறு பிள்ளைக்குத் தோல்வி முத்திரை குத்தாத இந்த முறை சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் இதன் விளைவாக, "எங்கள் பள்ளியில் 100 சதவீதத் தேர்ச்சி" என்று ஒரு தொடக்கப் பள்ளி சொன்னால், அது சட்டம் பின்பற்றப்படுகிறது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. பிள்ளை வாசிக்கிறதா என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பள்ளிக்குள்ளேயே நடக்கும் மதிப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. பருவம் முழுவதும் செயல்பாடுகள், சிறு தேர்வுகள் வழியாக நடப்பது வளரறி மதிப்பீடு. பருவ இறுதியில் எழுதுவது தொகுத்தறி மதிப்பீடு. 2012–13இல் முப்பருவ முறையோடு வந்தபோது முன்னதற்கு 40, பின்னதற்கு 60 மதிப்பெண் என்று பிரித்தார்கள். ஒரு பிள்ளையைப் பற்றி அதன் ஆசிரியர் தெரிந்துகொள்ள இது நல்ல கருவி. ஆனால் இரண்டு பள்ளிகளை ஒப்பிட இது உதவாது. திருத்தி மதிப்பெண் போடுபவர் அந்தந்தப் பள்ளி ஆசிரியரே என்பதால், ஒரு பள்ளியின் 80 மதிப்பெண்ணும் அடுத்த பள்ளியின் 80 மதிப்பெண்ணும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல.

கொரோனாக் கால இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் வேறொரு வழியில் போனது. 1 முதல் 3 வரையிலான வகுப்புப் பிள்ளைகளை, அவர்கள் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல், உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை எழுத்துகளை இன்னும் அடையாளம் காண முடியாமல் இருந்தால் அது அரும்பு நிலை. மூன்றாம் வகுப்புக்குரியதைச் செய்ய முடிந்தால் மலர். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி இதற்குள்ளேயே இருக்கிறது. "என் பிள்ளை எத்தனை மார்க்?" என்பதைவிட "என் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா?" என்பது தெளிவான பதிலைக் கொண்டுவரும்.

அந்த வேறுபாடு நேரில் எப்படித் தெரியும் என்பதை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். முக்கூடல் பக்கத்தில் ஒரு மூன்றாம் வகுப்பில், ஒரு சிறுமி தமிழ்ப் பாடத்தின் பத்தி ஒன்றைத் தங்குதடையின்றிச் சொன்னாள். விரல் மட்டும் வரியோடு நகரவில்லை. சொல்லி முடித்தபோதும் பத்தியின் முதல் வரியிலேயே நின்றது. ஆசிரியர் அந்தப் பத்தியில் இருந்த சொற்களையே வேறு வரிசையில் பலகையில் எழுதினார். சிறுமி பேசாமல் நின்றாள். அவள் வாசித்திருக்கவில்லை, மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறாள். அதே சிறுமியிடம், 25 பீடி ஒரு கட்டு என்றால் 4 கட்டுக்கு எவ்வளவு என்று கேட்டபோது, கேள்வி முடியும் முன்பே நூறு என்றாள். அம்மாவின் பீடித் தட்டு அருகில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 25 × 4 என்று பலகையில் எழுதியதும் அது அவளுக்கு வேறு கணக்காகிவிட்டது. எழுத்துத் தேர்வில் அவளுக்குக் கிடைக்கும் எண், அவளுக்குத் தெரிந்ததையும் முழுமையாகச் சொல்லாது, தெரியாததையும் முழுமையாகச் சொல்லாது.

பள்ளிக்கு வெளியே இருந்து வரும் அளவைகளும் உண்டு. செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருபவை இவைதான். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வு, கிராமப்புற வீடுகளுக்கே சென்று பிள்ளைகளை எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. நாடு முழுவதும் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 2022இல் 16.3 சதவீதம், 2024இல் 23.4 சதவீதம் என்று அது கண்டது. நடுவண் அரசின் தேசிய அடைவு ஆய்வு 2021இல் 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. அதன் இடத்தில் 2024 டிசம்பரில் 3, 6, 9 ஆம் வகுப்புகளுக்குப் பரக் ஆய்வு நடந்தது. தமிழ்நாடு அரசே 2025 பிப்ரவரியில் 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்கு மாநில அளவிலான அடைவு ஆய்வை நடத்தியது.

இவற்றை வாசிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அசர் வீட்டுக்குப் போகிறது, பள்ளிக்குப் போவதில்லை. ஒரு மாவட்டத்தில் தேர்ந்தெடுத்த சில கிராமங்களில், ஒவ்வொரு கிராமத்திலும் சில வீடுகளில் மட்டும் கேட்கிறது. தேசிய ஆய்வும் மாதிரியாக எடுத்த பள்ளிகளில்தான் நடக்கிறது. மாவட்டத்தின் பொதுப் போக்கை அறிய இது போதும். ஆனால் "நம் மாவட்டம் பின்தங்கிவிட்டது" என்ற செய்தியை வைத்து, அந்த மாதிரியில் இடம்பெறாமலேயே இருந்திருக்கக்கூடிய உங்கள் ஊர்ப் பள்ளியின் ஆசிரியரிடம் சண்டைக்குப் போவது நியாயம் ஆகாது.

தேசிய அடைவு ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவை வாசிக்க இன்னொரு தேதியும் வேண்டும். அந்தத் தேர்வு நடந்தது 2021 நவம்பர் 12. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1. அதாவது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பின் கடைசியில் வீட்டுக்குப் போனவர்கள், ஏறத்தாழ 19 மாதம் கழித்துத் திரும்பி வந்த இரண்டாவது வாரத்தில் அந்தத் தாளை எழுதினார்கள். இந்த ஒரு விவரத்தைச் சேர்த்துப் பார்த்தால், எத்தனையோ ஒப்பீடுகளின் குரல் தானாகவே தணிந்துவிடும்.

சிறிய பள்ளி, பெரிய சதவீதம்

நம் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பல, ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள்கூட இல்லாதவை. இத்தகைய பள்ளிகளில் சதவீதம் என்பது ஆளை ஏமாற்றும் கருவியாகிவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் 8 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 6 பேர் நன்றாக வாசிக்கிறார்கள்; அது 75 சதவீதம். அடுத்த ஆண்டு வேறு 8 பேரில் 5 பேர், அது 62.5. அதற்கடுத்த ஆண்டு 7 பேர், அது 87.5. அறிக்கையில் இது 12.5 புள்ளி வீழ்ச்சியாகவும், பின்பு 25 புள்ளி எழுச்சியாகவும் தெரியும். உண்மையில் நடந்தது, முதலில் ஒரு பிள்ளை குறைந்தது, பிறகு இரண்டு பிள்ளைகள் கூடியது. ஒரு குடும்பம் ஊர் மாறினாலே இந்தக் கோடு மேலும் கீழும் ஆடிவிடும். எனவே சிறிய பள்ளியில் மூன்று ஆண்டுகளைச் சேர்த்து, 24 பிள்ளைகளில் 18 பேர் என்று பார்ப்பதே சரி. இன்னும் சரியானது, சதவீதத்தை விட்டுவிட்டு, வாசிக்காத பிள்ளைகளைப் பேர் சொல்லி அறிவது. அது சிறிய பள்ளிக்கு மட்டும் கிடைத்திருக்கும் வசதி.

வருகையின் சராசரியிலும் இதே மறைப்பு உண்டு. 20 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 90 சதவீத வருகை என்று ஒரு பள்ளி சொன்னால், எல்லாப் பிள்ளைகளும் பத்து நாளுக்கு ஒரு நாள் வரவில்லை என்று பொருள் கொள்ளலாம். 18 பேர் ஒருநாள் தவறாமல் வந்து, இரண்டு பேர் வரவே இல்லை என்றும் பொருள் கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே எண்தான். முதலாவதில் கவலைப்பட அதிகமில்லை. இரண்டாவதில் இரண்டு பிள்ளைகளின் படிப்பு நின்றுபோயிருக்கிறது. ஊரில் அம்மன் கோயில் கொடை விழா நடக்கும் செவ்வாய், புதன்களில் வகுப்பு பாதி காலியாக இருப்பதைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை. ஆண்டுக்கு 200 வேலை நாள் என்று சட்டம் சொல்லும் தொடக்கப் பள்ளியில், ஒரு பிள்ளை 40 நாள் வராமல் இருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்து பள்ளி வரை

மாணவர் விவரம் எமிஸ் என்னும் மாநிலத் தரவுத்தளத்தில் பிள்ளை வாரியாகப் பதிவாகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எமிஸ் எண் உண்டு, பள்ளி மாறினாலும் அது மாறாது. பிறந்த தேதி, பாலினம், தாய்மொழி, பயிற்றுமொழி, சமூகப் பிரிவு, மாற்றுத்திறன் இருந்தால் அதன் வகை ஆகியவை அதில் அடங்கும். நாடு முழுவதற்குமான யூடைஸ் தரவில் பள்ளி வாரியான கணக்கு இருக்கும்.

இவற்றில் அடைவோடு மிக நெருங்கிய தொடர்புடையது எது என்று என்னைக் கேட்டால், வீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்பதையே சொல்வேன், அதிலும் குறிப்பாகத் தாயின் படிப்பு. அம்மா பாடப்புத்தகத்தைத் திறந்து ஒரு வரி வாசித்துக் காட்டும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும், வீட்டில் முதன்முதலாகப் புத்தகத்தைத் திறப்பவர் தானே என்று இருக்கும் பிள்ளைக்கும் ஜூன் மாதத்தின் முதல் நாளிலேயே தூரம் விழுந்துவிடுகிறது. அந்தத் தூரத்தைப் பள்ளி உண்டாக்கவில்லை. அதைக் குறைப்பது மட்டுமே பள்ளியின் பொறுப்பு.

நம் பகுதியில் இந்தத் தூரம் தொழிலோடும் பருவத்தோடும் பின்னிக் கிடக்கிறது. பீடி சுற்றும் வீட்டில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், தாய் நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. வீட்டுப்பாடம் பார்க்க அவருக்கு மனமில்லை என்று சொல்வது அநியாயம். திசையன்விளை, இராதாபுரம் பக்கத்துத் தேரிக்காடுகளில் பனை ஏறும் குடும்பங்கள் பதனீர்ப் பருவத்தில் விளையில் குடிசை போட்டுத் தங்குவதுண்டு. பள்ளி ஜூனில் திறந்த பிறகும் அந்தப் பிள்ளைகள் சில வாரம் கழித்தே வருவார்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் வீட்டின் வரவு கடலைப் பொறுத்தது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு அணைகளை ஒட்டி வாழும் காணி மக்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் பேசும் மொழி வேறு, பாடப்புத்தகத் தமிழ் வேறு. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வட மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழே புதுமொழி. பதிவேட்டில் இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஒரு வரியாகவே இருக்கிறார்கள்.

சமூகப் பிரிவு பற்றிய பதிவைத் தனியே பேச வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, மிகப் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று பிரிவு வாரியாகக் கணக்கு எடுக்கப்படுவது, உதவித்தொகை யாருக்குச் சேர வேண்டும், எந்தப் பிரிவுப் பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள் என்பதை அரசு அறிவதற்காக. இந்தக் கணக்கு இல்லாவிட்டால் அநீதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் அதே விவரம் வகுப்பறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் அதுவே அநீதிக்குக் கருவியாகும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, தமிழ்நாடு அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் எதுவும் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நம் மாவட்டத்தில் இந்தப் பரிந்துரையின் கனம் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் பிரிவு வாரி மொத்தத்தைக் கேட்கலாம். எந்தப் பிள்ளை எந்தச் சாதி என்று கேட்கக் கூடாது.

அடுத்து, யார் பள்ளியில் இருக்கிறார்கள் என்பதைப் போலவே யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் நின்றால், தனியார் பள்ளி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். கட்டணம் கட்டக்கூடிய வீடுகள், அதிகமாகப் படித்த பெற்றோர் உள்ள வீடுகள் முதலில் வேனில் ஏற்றுகின்றன. ஊர்ப் பள்ளியில் மிஞ்சும் பிள்ளைகளில் வீட்டு உதவி குறைந்தவர்களின் பங்கு இதனால் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஆசிரியர் முன்போலவே கற்பித்தாலும், ஏன், முன்னைவிட நன்றாகக் கற்பித்தாலும்கூட, பள்ளியின் சராசரி குறையலாம். அந்தச் சராசரியைப் பார்த்து இன்னும் நான்கு வீடுகள் வேனைத் தேடும். ஒரே வீட்டில் ஆண் பிள்ளை வேனிலும் பெண் பிள்ளை ஊர்ப் பள்ளியிலும் போவதும் உண்டு. சுவரில் உள்ள கட்டத்தில் பெண் எண்ணிக்கை ஆண் எண்ணிக்கையைத் தாண்டி நிற்பதைக் கண்டால், அதைப் பெண் கல்வியின் வெற்றி என்று மட்டும் வாசித்துவிடாமல் இதையும் விசாரிக்க வேண்டும்.

பிள்ளைகள் எண்ணிக்கையோடு கட்டுண்டது ஆசிரியர் எண்ணிக்கை. சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஆகஸ்ட் 1 நிலவரப்படி பதிவு எத்தனை என்று பார்த்துப் பணியிடம் நிர்ணயிக்கப்படும். கூடுதலாக இருப்பவர் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். 20 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர் என்றால் பத்துக்கு ஒருவர் என்ற விகிதம் காகிதத்தில் மிக வசதியாகத் தெரியும். ஆனால் அந்த இருவருக்கு முன்னால் இருப்பது ஐந்து வகுப்புகள், ஐந்து பாடத்திட்டங்கள். ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போகும் நாளில் ஒருவரே ஐந்து வகுப்புக்கும் ஆசிரியர். தலைமையாசிரியர் என்றால் எமிஸ் பதிவும் அவரே. எனவே ஈராசிரியர் பள்ளியின் அடைவை வாசிக்கும்போது, ஆசிரியர்–மாணவர் விகிதத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு ஆசிரியருக்கு எத்தனை வகுப்புகள் என்று கேட்பதே பொருத்தம்.

எவ்வளவு நகர்ந்தது?

இத்தனையும் சொன்ன பிறகு, பள்ளியை எதை வைத்துத்தான் மதிப்பிடுவது என்ற கேள்வி நியாயமானது. பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைவிட எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பதே என் விடை. கற்பனையாக இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மூன்றாம் வகுப்பில் 20 பிள்ளைகள். முதல் பள்ளியில் ஜூனில் 12 பேர் ஒரு பத்தியை வாசித்தார்கள். ஏப்ரலில் 14 பேர். இரண்டாம் பள்ளியில் ஜூனில் 3 பேர். ஏப்ரலில் 11 பேர். ஏப்ரல் கணக்கை மட்டும் பார்த்தால் முதல் பள்ளிக்கு 70 சதவீதம், இரண்டாவதற்கு 55. ஊர் முதல் பள்ளியைப் பாராட்டும். ஆனால் அந்தப் பத்து மாதத்தில் இரண்டு பிள்ளைகளை வாசிக்க வைத்தது முதல் பள்ளி, எட்டுப் பிள்ளைகளை வாசிக்க வைத்தது இரண்டாம் பள்ளி.

இதிலும் கவனம் தேவை. ஜூனில் இருந்த அதே 20 பேர்தானா ஏப்ரலிலும் இருந்தார்கள், நடுவில் டி.சி. வாங்கிப் போனவர், புதிதாக வந்தவர் எத்தனை என்று பார்க்க வேண்டும். முதல் பள்ளியின் 12 பேர் ஜூனிலேயே பத்தியை வாசித்துவிட்டதால், அந்தத் தேர்வில் அவர்கள் மேலே போக இடமில்லை. அவர்கள் கதைப்புத்தகத்துக்குப் போனார்களா என்று அறிய வேறு அளவை வேண்டும்.

ஆண்டுகளைக் கடந்து ஒப்பிடும்போது மாவட்ட எல்லையையும் நினைவில் வைக்க வேண்டும். காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டம் என்று காணும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் சங்கரன்கோவில்காரரும் செங்கோட்டைக்காரரும் அடக்கம். அந்தக் கணக்கை இன்றைய மாவட்டக் கணக்கோடு வைத்து, பிள்ளைகள் பாதியாகிவிட்டார்கள் என்று சொல்வது பிழை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் தாமிரபரணிக் கரை ஊர்களில் புத்தகப்பையையும் சேர்த்துக் கொண்டுபோனது. அந்தக் கல்வியாண்டின் வருகையை அடுத்த ஆண்டோடு ஒப்பிடுபவர் இதைச் சொல்லியாக வேண்டும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் வந்தது. இடைப்பட்ட பதினோரு மாதங்களில் இந்த இரு வகைப் பள்ளிகளின் காலை வருகையை ஒப்பிட்டால், ஒன்றில் உப்புமாவும் பொங்கலும் இருந்தது, மற்றதில் இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்த விவரங்களை எங்கே பார்ப்பது என்று பலர் கேட்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்; தமிழ்நாட்டுக்கு அது 33. யூடைஸ் தளத்தில் உங்கள் பள்ளியைத் தேடி, பதிவு, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றைப் பார்க்கலாம். பிள்ளைகளின் கற்றல் நிலை அங்கே கிடைக்காது. அதற்குப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் கேட்க, சென்ற ஜூனில் அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் இப்போது மொட்டுக்கு வந்திருக்கிறார்கள், வராதவர்கள் எத்தனை நாள் பள்ளிக்கு வந்தார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும்.

நான் இருந்த ஒரு கூட்டத்தில் உறுப்பினரான ஒரு தாய் இதைக் கேட்டார். தலைமையாசிரியை பதில் சொல்வதற்குப் பதில் எழுந்துபோய் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து விரித்தார். மொட்டுக்கு வராத பிள்ளைகள் நான்கு பேர். அவர்களில் மூன்று பேரின் வரிசையில் ஜூனும் ஜூலையும் வரவில்லை என்ற குறியாலேயே நிறைந்திருந்தன. மூவரும் பனைவிளையில் குடிசை போட்டிருந்த வீட்டுப் பிள்ளைகள். நான்காவது பிள்ளை ஒருநாளும் தவறாமல் வந்திருந்தான்; அவனுக்குக் கண் பார்வையில் ஏதோ குறை இருக்கலாம் என்று அவன் வகுப்பு டீச்சர் மெதுவாகச் சொன்னார். மூன்று பிள்ளைகளை அடுத்த பதனீர்ப் பருவத்தில் விளையிலிருந்து யார் அழைத்து வருவது, நான்காமவனை எந்தக் கிழமை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று பேசி முடித்துவிட்டே அன்றைக்கு எல்லோரும் எழுந்தார்கள்.